தங்கவயலின் இரண்டு பேரேடுகள்: சுரங்கத்தின் நட்டமும் சங்கத்தின் வசூலும்

1992 ஜனவரி 30 அன்று, கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த கார்ப்பரேஷன் வங்கிக் கிளை, பூதிக்கோட்டை சரஸ்வதி மகளிர் சங்கத்துக்குக் கடன் கொடுத்தது. ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன், 1991 டிசம்பர் 9 அன்று, இதே மாவட்டத்தின் முதுகுளி ஊரிலுள்ள வெங்கடேஸ்வரா மகளிர் சங்கத்துக்கு வைஸ்யா வங்கி கடன் கொடுத்திருந்தது. இந்தியாவின் சுயஉதவிக் குழு - வங்கி இணைப்பின் வரலாறு இந்த இரண்டு கடன்களிலிருந்து தொடங்குகிறது. அதே 1992-இல்தான், ஆண்டர்சன்பேட்டையை அடுத்திருந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நலிவுற்ற நிறுவனமாக, தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்று நின்றது.

ஒரே ஆண்டில், நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவுக்குள், ஒரு நிறுவனம் தோல்வி என்றும் ஒரு கடன்முறை வெற்றி என்றும் பதிவாயின. இரண்டு தீர்ப்புகளும் அவசரமானவை என்பது என் வாதம். சுரங்கத்தை மதிப்பிட்ட கணக்கு, அதன் வரவில் பெரும்பகுதியைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. சங்கங்களை மதிப்பிட்ட கணக்கோ, கடன் திரும்பி வந்ததை மட்டும் பார்த்தது. எந்த வருமானத்திலிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

முதலில் சுரங்கம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் 1880 முதல் இயங்கிய இச்சுரங்கங்களை மைசூர் மாநில அரசு 1956-இல் ஏற்றது. 1962 டிசம்பரில் மத்திய அரசு தன்வசமாக்கி, நிதி அமைச்சகத்தின் கீழ் வைத்தது. சுரங்கம் ஏன் நிதி அமைச்சகத்துக்குப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுக்கு வேண்டியிருந்தது தொழில் அல்ல, கையிருப்புத் தங்கம். வெட்டியெடுத்த தங்கத்தை வெளிச்சந்தையில் விற்கச் சுரங்கத்துக்கு உரிமை இருக்கவில்லை. அவுன்சுக்கு 35 டாலர் என்ற பன்னாட்டு அதிகாரபூர்வ விலைக்கு அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1966-இன் நாணய மதிப்புக் குறைப்புக்குப் பிறகு அது 10 கிராமுக்கு 84 ரூபாய் 39 காசு. 1970-இல் இந்தியக் கடைவீதியில் 10 கிராம் தங்கம் ஏறத்தாழ 184 ரூபாய்க்கு விற்றது.

இந்த இடைவெளியை வெறும் விலை வேறுபாடு என்று கடந்துவிட முடியாது. விளைச்சலில் பாதிக்கு மேற்பட்ட மதிப்பைக் கருவூலம் எடுத்துக்கொண்டு, மீதியில் கூலியும் மின்கட்டணமும் கொடுக்கச் சொன்னால் எந்த நிறுவனமும் நட்டத்தில்தான் ஓடும். பெயரைத் தவிர எல்லா வகையிலும் அது வரிதான். 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவான பின் விலை பன்னாட்டுச் சந்தையை ஒட்டி நகர்ந்தது. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உள்நாட்டு விலை அதைவிட மேலேயே நின்றது. அந்தக் கூடுதல் மதிப்பும் சுரங்கத்தின் பேரேட்டில் ஏறவில்லை.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் பல பத்துக் கிராம் தங்கம் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் அது ஐந்து கிராமுக்கும் கீழே இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தை எட்டியிருந்தது. அவ்வளவு கீழே பாறை வெடிப்பு அன்றாட அச்சம். காற்றைக் குளிர்வித்து அனுப்புவதே தனிச் செலவு. நியாயமான விலை கிடைத்திருந்தாலும் ஆழச் சுரங்கம் ஒருநாள் மூடப்பட்டிருக்கும் என்றே கருதுகிறேன். ஆயினும், நியாயமான விலை பெற்று, மாற்றுத் தொழிலுக்கான முதலைச் சேர்த்துக்கொண்டு மூடுவது வேறு. வெறுங்கையோடு மூடுவது வேறு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நிகழ்ந்தது இரண்டாவது. அந்த ஆண்டு அவுன்சு விலை சராசரியாக 270 டாலரை ஒட்டியே இருந்தது. பத்தாண்டு கழித்து 1,900 டாலரைத் தொட்டது.

மதிப்பு வெளியே போனது சுதந்திரத்துக்குப் பிந்தைய கதை மட்டும் அல்ல. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவந்தது தங்கவயலுக்காகத்தான். சுரங்கம் என்ற உறுதியான வாடிக்கையாளர் இல்லையென்றால் மைசூர் அரசு அந்த முதலீட்டில் இறங்கியிருக்காது. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது அதன்பின் 1905-இல். உரிமத்தொகை மைசூருக்கும் ஈவுத்தொகை லண்டனுக்கும் சென்றன. தங்கவயலில் தங்கியது சயனைட் கழிவு மேடு.

இங்கே வங்கி வருகிறது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஆதி திராவிடர். அவர்கள் குடியிருந்தது லைன் வீடுகளில். வீடும் மண்ணும் கம்பெனியுடையவை. மூன்று, நான்கு தலைமுறை சம்பளம் வாங்கிய குடும்பத்திடமும் அடமானம் வைக்க ஒரு பத்திரம் கிடையாது. சம்பளக்காரர் சேமிப்பார், அதனால் வைப்புநிதி வரும். பத்திரம் இல்லை, அதனால் தொழிற்கடன் போகாது. இத்தகைய ஊரில் ஒரு கிளை வைப்புநிதி இலக்கை எட்டி நல்ல பெயர் வாங்கலாம். ஊரின் சேமிப்பு வேறோர் ஊரின் தொழிலுக்கு முதலாகும். இங்கே ஆலை அமைத்த பொதுத்துறை நிறுவனமான பெமல் பெரிய விதிவிலக்கு. ஆனால் அது அரசு முதலீட்டில் வந்தது, ஊரார் பெற்ற கடனில் முளைத்தது அல்ல.

ஆண்டர்சன்பேட்டைக் கடன் இந்தப் பூட்டைத் திறந்தது. மைராடா என்ற தொண்டு நிறுவனம் அமைத்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் 1984-85 வாக்கில் உடைந்தபோது, ஒருவரையொருவர் நம்பிய சிறு சிறு குழுக்கள் தாமாகப் பிரிந்து நின்றன. அந்த உடைவைத் தோல்வியாக எழுதி மூடிவிடாமல், அதிலிருந்து கற்றுக்கொண்டதே மைராடாவின் பெரும்பணி என்பேன். 1987-இல் நபார்டு 10 லட்சம் ரூபாய் தந்து இம்முயற்சியைத் தாங்கியது. 1991 ஜூலை 24 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கிகள் இக்குழுக்களுக்கு நேரே கடன் கொடுக்க வழி செய்தது. அந்த ஜூலையில்தான் 46.91 டன் தங்கத்தை நாடு வெளிநாட்டில் அடகு வைத்தது. பத்திரமில்லாப் பெண்ணுக்குக் கடன் தரலாம் என்று வங்கித்துறை ஏற்றுக்கொண்ட அதே மாதத்தில், அரசு அடகுப் பொருளோடு கடன் கேட்டு நின்றது.

சங்கக் கடனில் அடமானத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது தகவல். யாருக்கு எப்போது பணம் வரும், யார் வீட்டில் நோய், யார் பேச்சு நிற்கும் என்பதைச் சங்கம் அறியும். கிளை மேலாளருக்குத் தெரியாது. கடனைக் குழுவுக்குத் தந்து, பங்கீட்டையும் வட்டியையும் குழுவே முடிவு செய்ய விட்டதால் அந்த அறிவு வங்கிக்குப் பயன்பட்டது. தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வலிமையும் இதுவே.

ஆனால் வசூல் விகிதம் அளவுகோல் ஆனதும் அந்த அறிவு தேவையற்றதாயிற்று. 2000-களில் நுண்கடன் நிறுவனங்கள் குழுவின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் முடிவுரிமையை விட்டுவிட்டன. ஒரே பெண் பல நிறுவனங்களில் கடன் பெற்றார்; ஒன்றை வைத்து மற்றொன்றை அடைத்தார். ஏட்டில் தவணை தவறவில்லை. பட்டுநூல் தொழில் சரிந்த 2009-இல் கோலார் நகரிலும் சிட்லகட்டாவிலும் அஞ்சுமன் என்ற முஸ்லிம் சமூகக் குழுக்கள் நுண்கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டாம் என்று அறிவித்தன; வசூல் நின்றுபோனது. மதக்காரணம் என்று இதைச் சுருக்கியவர்கள் பட்டுநூல் தொழில் இழந்த வருமானத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டனர். அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி இன்னும் பெரிதாக வெடித்தபோது, கோலாரைப் படித்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எனவே ஒரு கிளையின் செயல்திறனை அறிய, வைப்புநிதிக்கும் வசூலுக்கும் அப்பால் இரண்டு கேள்விகள் வேண்டும். ஊரில் திரட்டியதில் எவ்வளவு ஊரிலேயே தொழிலுக்குப் போனது? தவணை, ஈட்டிய வருமானத்திலிருந்து வந்ததா, இன்னொரு கடனிலிருந்து வந்ததா? இரண்டையும் கிளையின் கணக்கிலிருந்தும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவிலிருந்தும் இன்று எடுத்துவிட முடியும்.

தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன் புறப்படும் பெங்களூர் ரயிலில் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் சம்பளம் பெங்களூர்க் கிளைகளில் விழுகிறது. லைன் வீட்டுக்குப் பட்டா கேட்டு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மனு எழுதுகிறார்கள். அந்தப் பட்டா கைக்கு வந்தால், அதை அடமானம் வைத்துத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பட்டறை போட வங்கியிடம் கடன் கேட்க முடியும்.