மாக்கட்டியும் முன்பக்கச் செய்தியும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. சாப்பிட வந்தவர்கள் அதைச் சிங்களவரை மலடாக்கும் குளிசை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கூட்டத்துக்குப் பயந்து தலையாட்டினார். அது வீடியோவாகி நாடெங்கும் ஓடியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் வேறொரு காரணத்தால் திகனயில் கலவரம் மூண்டபோதும், இந்தக் கதை அந்த நெருப்புக்கு எண்ணெயானது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்துப் பார்த்தது. அது வெறும் மாக்கட்டி. ஒரு மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகத்திலேயே இல்லை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது.

இவ்வளவு தெளிவான பிறகும் கதை சாகவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழித்து, 2019 மே 23ஆம் திகதி ‘திவயின’ பத்திரிகை முன்பக்கத்தில் அதற்கு வேறு உடுப்புப் போட்டது. ஒரு வைத்தியர் சிசேரியன் செய்யும்போது நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்றது செய்தி. அதில் வைத்தியரின் பெயர் இல்லை. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் டாக்டர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார்.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். செய்தி முதலில் வந்தது. நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. சத்திரசிகிச்சை அறையில் தாதியரும் மயக்க மருந்து கொடுப்பவரும் கூடவே நிற்கிறார்களே, நாலாயிரம் தடவை அவர்கள் கண்ணுக்குத் தப்புமா என்று அச்சடிக்க முன்னர் யாரும் கேட்கவில்லை. சாட்சியம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 25ஆம் திகதிதான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட பணத்தை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு அத்தியாவசிய மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது பீதி அரசாங்கத்தின் வர்த்தமானியிலேயே வந்தது. கொவிட் ஜனாஸாக்களை அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று சொல்லி, 2020 ஏப்ரல் 11ஆம் திகதி தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. அந்த டிசம்பரில் 20 நாள் சிசு ஒன்று, பெற்றோரின் சம்மதமில்லாமல் பொரளையில் எரிக்கப்பட்டது. கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களில் சிங்களவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இவ்வளவையும் கண்ட எங்கட சமூகம் பத்திரிகையையும் சுகாதார அமைச்சையும் சந்தேகிப்பதில் ஆச்சரியமில்லை. “இவங்க சொல்றதெல்லாம் பொய்தானே” என்ற பேச்சை வெள்ளவத்தையிலும் கேட்கலாம், கொட்டாஞ்சேனையிலும் கேட்கலாம். ஆனால் ஆபத்து அந்த “எல்லாம்” என்ற சொல்லில் இருக்கிறது.

டாக்டர் ஷாபி மறியலில் இருந்த அதே ஜூலையில்தான், இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரே கிளினிக் வரிசையில் நின்ற மூவின உம்மாமாரும் தேடித்தந்த வெற்றி அது. 2023இல் சின்னமுத்து திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் மறுபடி விசேடமாக ஊசி போட வேண்டியதாயிற்று. அந்த ஊசிக்கும் ஒரு பீதிக்கதை உண்டு. ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற சந்தேகத்தை 1998இல் கிளப்பிய ‘லான்செட்’ கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது. ஆனாலும் கதை இன்னும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பகிர்பவர்களில் எங்கட ஆக்களும் இருக்கிறார்கள்.

மாக்கட்டியை மாக்கட்டி என்று நிரூபித்தது ஓர் அரச ஆய்வுகூடம். வைத்தியருக்கு எதிராகச் சாட்சியம் இல்லை என்றதும் அரச திணைக்களம்தான். எங்களைக் காப்பாற்றிய அந்தப் பரிசோதனையை நாங்களே தூக்கி எறியலாமா? வந்த செய்தியை விசாரித்துத் தெளியச் சொல்லும் மார்க்கம் எங்களுடையது. யார் பார்த்தது, யார் பரிசோதித்தது, மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று ‘திவயின’விடம் கேட்ட அதே கேள்விகளை, எங்கட குழுமத்துக்கு வரும் ஊசிக்கதையிடமும் கேட்க வேண்டும்.