பத்து ஆராங்: வடக்கு ரயிலுக்கு நெருப்புத் தந்த ஊர்

பினாங்கு பெங்காலான் வெல்ட் சாலையில், கடலைப் பார்த்தபடி மணிக்கூண்டோடு ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. விஸ்மா கஸ்தாம் என்றால் எல்லாருக்கும் தெரியும். சுங்கத்துறைக்குச் சொந்தமான அந்தக் கட்டடம் 1907ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டபோது, அது ஒரு ரயில் நிலையம். ஆனால், ஒரு நாள்கூட அங்கே ரயில் வந்ததில்லை. எப்படி வரும்? தீவில் அந்த ரயிலுக்குத் தண்டவாளமே கிடையாதே! பயணச்சீட்டை இங்கே வாங்கிக்கொண்டு, படகேறி அக்கரைக்குப் போய், பிறையில்தான் ரயில் ஏற வேண்டும்.

பிறையில் புகை கக்கிக்கொண்டு காத்திருந்த அந்த ரயிலை ஓட்டியவர்களிலும், அதன் தண்டவாளத்தைச் சுமந்து போட்டவர்களிலும் தமிழர்கள் ஏராளம். அந்தக் கதை நம் வீடுகளில் சொல்லக் கேட்டதுதான். கேட்காத கதை ஒன்று உண்டு. அந்த இஞ்சினின் வயிற்றில் எரிந்த நெருப்பு எங்கிருந்து வந்தது?

அதற்கான விடை சிலாங்கூரில், ரவாங்கிற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயரே விடையைச் சொல்லிவிடும்: பத்து ஆராங். மலாய் மொழியில் அதன் பொருள் நிலக்கரி.

சேறு கல்லான கதை

நிலக்கரியைக் கல் என்று சொல்கிறோம். உண்மையில் அது மரம். சில கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பத்து ஆராங் இருக்கும் இடத்தில் சதுப்புக் காடு இருந்தது. மரம் விழுந்தது, இலை உதிர்ந்தது. சாதாரணக் காட்டில் விழுந்த மரம் மட்கி, காற்றோடு கலந்துவிடும். சதுப்பில் அப்படி நடக்காது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்று புகாது. மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டும். பாதி மட்கிய மரமும் இலையும் கறுப்புச் சேறாக அடுக்கடுக்காகச் சேரும். அந்தச் சேறு ஒரு மீட்டர் கனத்திற்குச் சேரவே பல நூற்றாண்டுகள் ஆகும்.

பிறகு நிலம் தாழ்கிறது. மேலே மண்ணும் களிமண்ணும் படிகின்றன. அந்தப் பாரமும் பூமியின் சூடும் சேர்ந்து சேற்றிலுள்ள தண்ணீரைப் பிழிந்தெடுக்கின்றன. மிஞ்சுவது கரி. முதலில் பழுப்பு நிலக்கரி. தமிழ்நாட்டு நெய்வேலியில் தோண்டுவது அதுதான். இன்னும் அழுத்தினால், அதைவிடக் கெட்டியான கறுப்புக் கரி. பத்து ஆராங் கரி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இளங்கரி. ஐரோப்பாவின் பெரிய சுரங்கங்களில் கிடைத்த கரிக்கு வயது ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகள். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்னப்பிள்ளை.

சிலாங்கூரிலும் சரவாக்கிலும் உள்ள கறுப்புச் சேற்றுக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே இன்று கிடப்பது கரியின் முதல் வகுப்பு. அது நிலக்கரியாகத் தேர்ச்சி பெற, மனித குலம் காத்திருக்க முடியாத காலம் ஆகும்.

விறகு போய் கரி வந்தது

1903ஆம் ஆண்டில் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் தொடர்ச்சியாக இணைந்துவிட்டது. ஆனால் எரிபொருள்? காட்டு விறகும், கடற்கரை பாக்காவ் மரமும், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கரியும்தான். விறகு சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். கப்பல் கரிக்கு விலை அதிகம்.

1908ஆம் ஆண்டில் ரவாங் அருகே ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் நிலக்கரி இருப்பது தெரியவந்தது. 1913ஆம் ஆண்டில் மலாயன் காலியரீஸ் என்ற நிறுவனம் தோன்றியது. அதற்கு முன்னின்றவர் ஜே.ஏ. ரஸ்ஸல். இந்தப் பெயரைக் கேட்டதில்லை என்பவர்களும் அவருடைய இன்னொரு நிறுவனத்தின் தயாரிப்பைக் குடித்திருப்பார்கள். 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

1915இல் கரி வெளியே வரத் தொடங்கியது. அது முதல் உலகப் போர்க் காலம். கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. வெளிநாட்டுக் கரி கிடைப்பது கடினமான நேரத்தில் உள்நாட்டுக் கரி கைகொடுத்தது. குவாங் நிலையத்திலிருந்து பத்து ஆராங்கிற்குத் தனிக் கிளைப்பாதை போடப்பட்டது. ரயில் அந்தக் கரியை எரித்தது. ரயிலே அந்தக் கரியைச் சுமந்தது. கோலாலம்பூரின் பங்சார் மின்நிலையமும் ஈய வயல்களின் இயந்திரங்களும் அந்தக் கரியைத்தான் நம்பியிருந்தன. 1940ஆம் ஆண்டு வாக்கில் ஆண்டுக்கு ஏழு இலட்சம் டன்னுக்கும் அதிகமாகக் கரி எடுக்கப்பட்டது.

தானே தீப்பற்றும் கரி

கரி இரண்டு வழிகளில் எடுக்கப்பட்டது. மேலாக இருந்த இடத்தில் மண்ணை அகற்றிவிட்டுத் திறந்த குழியாகத் தோண்டினார்கள். ஆழத்தில் இருந்த இடத்தில் சரிவாகச் சுரங்கம் வெட்டி உள்ளே இறங்கினார்கள். அகற்றிய களிமண்ணும் வீணாகவில்லை. அதைச் சுட்டுச் செங்கல் ஆக்கினார்கள். பத்து ஆராங் செங்கல் அந்நாளில் பேர்போனது.

சுரங்கத்திற்குள் வேலை என்றால், இருட்டு, வெக்கை, தூசி மட்டுமல்ல. இளங்கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றுப் பட்டால் அது மெல்ல மெல்லச் சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால், யாரும் கொளுத்தாமலே தீப்பற்றிக்கொள்ளும். நிலத்தடியில் பற்றிய தீயை அணைப்பது எளிதல்ல. கரி எடுத்த வெற்றிடத்தை அப்படியே விட்டால், மேலே உள்ள நிலமும் சரியும். இதற்காக மணலைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியே உள்ளே இறக்கி, காலியான இடங்களை நிரப்பும் முறை கையாளப்பட்டது. மேலிருந்து கரி போக, அதன் இடத்தில் மணல் இறங்கியது.

பிறையில் ரயிலேறிய பயணி, ஜன்னலோரம் கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தூளைக் காலையிலிருந்து மாலை வரை மூச்சில் இழுத்தவர்கள் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?

1937: கை நின்றது, நாடு நடுங்கியது

சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்களே பெரும்பான்மை. தமிழர் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள். பலரும் நிறுவனத்திடம் நேரடியாக வேலை செய்யவில்லை. நடுவே குத்தகைக்காரர் இருந்தார். கூலி அவர் கை வழியேதான் வரும். தோட்டப்புறத்தில் கங்காணியை அறிந்த நம்மவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கூலி குறைந்தது. பின்னர் வியாபாரம் நிமிர்ந்தது. கூலி அதே வேகத்தில் நிமிரவில்லை. 1936 நவம்பரில் பத்து ஆராங்கில் வேலைநிறுத்தம் வெடித்தது. 1937 மார்ச்சில் அதைவிடப் பெரிதாக, ஆயிரக்கணக்கானோர் கருவிகளைக் கீழே போட்டார்கள். கூலி உயர்வு வேண்டும், குத்தகை முறை ஒழிய வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள். தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். இதில் கம்யூனிஸ்ட் கட்சியின் கை இருந்தது. சில நாள்களில் போலீசாரும் படையினரும் உள்ளே புகுந்து சுரங்கத்தை மீட்டார்கள். பலர் கைது செய்யப்பட்டனர்.

ஒரு சிற்றூரின் கூலிச் சண்டைக்குக் காலனி அரசு ஏன் அவ்வளவு பதறியது? கணக்கு எளிது. பத்து ஆராங் நின்றால் ரயில் நிற்கும். ரயில் நின்றால் ரப்பரும் ஈயமும் துறைமுகத்திற்குப் போகாது. கோலாலம்பூரில் விளக்கும் எரியாது. கரியின் மதிப்பை நிறுவனத்தார் அறிந்திருந்தார்கள். கரி தோண்டும் கையின் மதிப்பை எல்லாரும் அறிந்தது அந்த மார்ச் மாதத்தில்தான்.

எண்ணெய் வந்தது, ஊர் ஓய்ந்தது

ஜப்பானியர் ஆட்சியில் சுரங்கம் அவர்கள் கைக்குப் போனது. போர் முடிந்து மூன்றாண்டுகளில் அவசரகாலம். 1948 ஜூலையில் கொரில்லாக்கள் பத்து ஆராங்கைத் தாக்கி, உயிர்ச்சேதமும் இயந்திரச் சேதமும் ஏற்படுத்தினார்கள். இத்தனையையும் தாங்கிய ஊரை வீழ்த்தியது துப்பாக்கி அல்ல, எண்ணெய்.

எண்ணெய் பினாங்கிற்குப் புதியதல்ல. நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் லங்காட் பகுதியில், 1885ஆம் ஆண்டிலேயே ஒரு டச்சுக்காரர் எண்ணெய் கண்டார். அந்தக் கிணற்றிலிருந்து பிறந்த நிறுவனம்தான் பின்னாளில் ஷெல் நிறுவனத்தோடு இணைந்தது. 1910இல் சரவாக் மிரியிலும் எண்ணெய் கிடைத்தது. கரி காட்டு மரத்தின் பிள்ளை என்றால், எண்ணெய் நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் பிள்ளை. கடலடியிலும் ஏரியடியிலும் புதைந்த அவை, சூட்டில் வெந்து திரவமாயின. அதனால்தான் எண்ணெயைக் குழாயில் அனுப்பலாம், கப்பலில் ஊற்றலாம். அதைத் தோண்ட ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியதில்லை.

1950களில் மலாயா ரயில்வே தன் நீராவி இஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றியது. 1957இல் டீசல் இஞ்சின்களும் வந்து இறங்கின. பெரிய வாடிக்கையாளரே கையை விரித்துவிட்டார். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. 45 ஆண்டுகளில் எடுத்த கரி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன். சேர்வதற்குக் கோடி கோடியாய் ஆண்டுகள் பிடித்த சரக்கு, ஒரு மனிதன் பிறந்து பேரன் எடுப்பதற்குள் புகையாய்ப் போய்விட்டது.

வேலை போனவர்கள் வேறு ஊர் தேடிப் போனார்கள். தோண்டிய குழிகள் ஏரிகளாயின. புகைபோக்கியும் செங்கல் சுவர்களும் எஞ்சின. நிலத்தடியில் கிடக்கும் பழைய சுரங்கங்களால், அங்கே எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பது இன்றும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

கரி உண்மையில் போய்விட்டதா?

நாடு எண்ணெய் யுகத்திற்குள் நுழைந்தது. 1974இல் பெட்ரோனாஸ் உருவானது. 1978இல் திரங்கானு கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெயோடு எரிவாயுவும் வந்தது. நீராவி ரயில் புறப்பட்ட அதே பிறையில், 2016இல் 1,071 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் செயல்படத் தொடங்கியது.

2015 முதல் பட்டர்வொர்த்திற்கு மின்சார ரயில் ஓடுகிறது. புகை இல்லை, கண்ணில் கரித்தூள் விழுவதில்லை. ஆனால் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி கரியாலும் எரிவாயுவாலும் வருகிறது. பேராவின் மஞ்சோங் மின்நிலையத்திற்கு இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கரி வந்து இறங்குகிறது. ஆக, வடக்கு ரயில் இன்றும் கரியில்தான் ஓடுகிறது. நெருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாத தூரத்திற்குப் போய்விட்டது. தோண்டுகிறவரும் அப்படியே.

இனிப் புதிய கரி மின்நிலையங்கள் கட்டுவதில்லை என்று 2021இல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல முடிவுதான். புதைந்திருந்த கரியைக் காற்றில் விட்டதன் விலையை வெப்பத்திலும் வெள்ளத்திலும் உலகமே கொடுத்துக்கொண்டிருக்கிறது. மாற்றம் வந்துதான் ஆக வேண்டும்.

மாற்றம் வரும்போது கேட்க வேண்டிய கேள்வியை பத்து ஆராங் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறது. விறகு கரியானபோதும், கரி எண்ணெயானபோதும், ரயில் நிற்கவில்லை. பயணியின் பயணம் தடைப்படவில்லை. நின்றது தோண்டியவரின் பிழைப்பு மட்டும்தான். எரிபொருள் மாறும் ஒவ்வொரு முறையும் அதைத் தந்த ஊரை நாடு பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

மஞ்சோங்கில் கரி இறக்கும் தொழிலாளிக்கும், திரங்கானு கடலில் எண்ணெய் மேடையில் நிற்கும் தொழிலாளிக்கும் இன்று பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த எரிபொருள் வரும் நாளில் அவர்கள் எங்கே போவது என்பதை, 1960இல் போல் சுரங்க வாசலைப் பூட்டிய பிறகு யோசிப்பதா? இன்றே யோசிப்பதா? அடுத்த முறை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறும் நேயர்கள், வண்டி கிளம்புவதற்குள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.