கன்னிவாடிச் சீமைத் தோப்புகளின் வரலாறு

கோயிலுக்கும் கோட்டைக்கும் சரித்திரம் எழுதுவார் பலர். தோப்புக்குச் சரித்திரம் எழுதுவாரை நாம் அதிகம் கண்டதில்லை. மரம் தானே நின்றது, தானே காய்த்தது என்று எண்ணிவிடுகின்றனர் போலும். கன்னிவாடிச் சீமையிற் கனிமரம் நிலைத்த கதை அத்துணை எளியதன்று. பாகப் பிரிவினையின்போது தோப்பை என்ன செய்வது என்னும் கேள்வி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழுந்திருக்கும் இக்காலத்தில், அக்கதையைச் சொல்லுதல் உசிதமென்று கருதினோம்.

கன்னிவாடி திண்டுக்கல்லுக்கு மேற்கே, கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் உள்ளது. முன்னர்ப் பாளையமாயும் பின்னர் ஜமீனாயும் விளங்கிய ஊர். 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு அதிகாரியாக வந்ததும், 1790இல் கும்பினியார் கோட்டையைப் பிடித்ததும், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் இச்சீமை அவர்கள் வசமானதும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்ததும் வாசகர் அறிந்தவையே. ஆள்வோர் இவ்வாறு மாறிமாறி வந்தபோதும் கோடை மட்டும் மாறவில்லை.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்யும். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்துவிடும். தை பிறந்தபின் சித்திரையில் வரும் இடிமழை ஒன்றிரண்டைத் தவிர வானம் வாய் திறவாது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியுமாகவே இருக்குமாதலின், ஆங்குள்ள வாதுமையையும் ஒலிவத்தையும் இங்கும் நட்டாலென்ன என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். ஆனால் அம்மரங்கள் பூப்பதற்குக் குளிர்காலத்துக் கடுங்குளிர் வேண்டும். நமது மார்கழிப் பனி அதற்குப் போதாது. அங்கிருப்பவற்றுள் மாதுளை, அத்தி, திராட்சை ஆகியவை நம் சமவெளியிலும் காய்க்கும். பேரியையும் பிளம்ஸையும் விரும்புவோர் கொடைக்கானல் ஏறவேண்டியதுதான்.

நிற்க. இம்மண்ணுக்குத் தொன்றுதொட்டு உரியவை நாவல், நெல்லி, விளா, இலந்தை, இலுப்பை, மா என்பன. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததென்று தாவர நூலார் கூறுவர். அங்ஙனமாயினும், அராபியர் அதனை ‘இந்தியாவின் பேரீச்சை’ என்று தம் மொழியிற் பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு அது முன்னரே நம்முடையதாகிவிட்டது. கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி நான்கும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. முந்திரியைப் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டிற் கொண்டுவந்தவர் போர்த்துக்கேசியர். கொய்யா என்னும் பெயரே அவர்கள் வழங்கிய சொல்லின் மருஉ. முந்திரி என்னும் பெயரோ முன்னர்த் திராட்சைக்கு உரியது. கொடிமுந்திரி என்று இன்றும் சிலர் வழங்குவர். புதிதாய் வந்த மரம் பழைய கொடியின் பெயரைக் கவர்ந்துகொண்டது.

இவையெல்லாம் கோடையை எவ்வாறு கடந்தன என்பதே நாம் சொல்ல வந்த விஷயம். மாமரம் பூக்க ஒரு வறட்சி வேண்டும். மழை நின்று தளிர்ப்பு அடங்கினால்தான் தை, மாசியிற் பூக்கொத்து வெளிப்படும். பின்னர்ப் பிஞ்சு பருத்துக் கனிவதோ கிணறெல்லாம் வற்றிக் கிடக்கும் சித்திரை, வைகாசியில். நிலமகள் மேனி வெடிக்கும் மாதங்களில் மா சாறு சுமந்து நிற்பதன் சூக்ஷ்மம் அதன் ஆணிவேரில் உள்ளது. கொட்டை முளைத்தவுடன் இலை பெருகுவதற்கு முன்னரே ஆணிவேர் கீழ்நோக்கி விரைந்து செல்லும். அவ்வேர் தடையின்றிச் சரளையைத் துளைத்து ஈரத்தை எட்டிவிட்டால், அம்மரம் எவர் கையையும் எதிர்பாராது.

இதனை அறிந்தே நம் முன்னோர் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றினர். குழி தோண்டி, வண்டலும் எருவும் இட்டு, மழைக்கு முன்னர் இரண்டு மூன்று கொட்டைகளைப் புதைத்து, முளைத்தவற்றுள் வலியதொன்றை நிறுத்தி, முள்வேலி கட்டினர். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் குடத்தண்ணீர். மண்பானையின் அடியில் துளையிட்டுத் திரி செருகிக் கன்றின் பக்கத்திற் புதைத்து வைப்பதும் உண்டு. ஊற்றிய நீர் வெயிலுக்கு இரையாகாமல் வேருக்கே கசியும். அக்குடங்களைச் சுமந்தவர் பெரும்பாலும் பெண்டிரே. நம் இல்லத்துப் பாட்டிமார் நட்டதாகச் சொல்லப்படும் மரங்கள் பல. பத்திரங்களில் அவர்கள் பெயரைத் தேடினால் காணோம்.

பின்னர் மின்சாரம் வந்தது. 1932இல் பைக்காரா மின்நிலையம் தொடங்கியது முதல் மின்கம்பிகள் நாட்டுப்புறங்களிற் பரவப் பரவ, ஏற்றம் இறைத்த கிணறுகளிற் பம்புகள் ஏறின. அவற்றின்பின் ஆழ்துளைக் கிணறுகள். நீர் கையிலிருக்கப் புளியும் நாட்டு மாவும் எதற்கு என்று நம்மவர் அவற்றை வெட்டி விற்றுத் தென்னை வைத்தனர். நாமும் வைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுமையும் வறட்சியுற்றதென்று அரசாங்கத்தார் அறிவித்தனர். ஆழ்துளைக் கிணற்றிற் காற்றுமட்டும் வந்தது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் நமது தென்னைகளின் கொண்டைகள் ஒவ்வொன்றாய் ஒடிந்து விழுந்தன. வரப்போரத்தில் வெட்டாமல் விட்டிருந்த இரண்டு புளியமரங்கள் அவ்வாண்டும் காய்த்தன. அவற்றை விட்டது நம் அறிவினால் அன்று. மரவியாபாரி கேட்ட விலை குறைவென்று விட்டோம், அவ்வளவே.

அதன்பின் மா வைக்கத் துணிந்து, ஒரு நாற்றங்காலில் ஒட்டுக்கன்றுகள் வாங்கினோம். அவை பையில் நெடுநாள் இருந்தமையால் ஆணிவேர் அடியில் வளையமாய்ச் சுருண்டிருந்தது. அதனை நாம் அறிந்தது மூன்றாம் ஆண்டு ஆடிக்காற்றில் அவை சாய்ந்தபோதுதான். ஒட்டு மாவை இகழ்கின்றோம் அல்லோம். கொட்டையிலிருந்து வந்த மரத்திற் கனி தாயைப்போல் இருக்குமென்று சொல்ல முடியாது. கொட்டையை இடத்திலேயே முளைக்கவைத்து, தண்டு பருத்தபின் விரும்பிய ஜாதியின் கிளைநுனியை அதன்மேல் ஒட்டுக்கட்டுதலே இரு நன்மையும் தரும்.

மலையில் நேர்ந்ததையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தருமத்துப்பட்டி வழியாக ஏறும் ஆடலூர், பன்றிமலைப் பக்கங்களிலும், விருப்பாட்சி, சிறுமலைப் பக்கங்களிலும் மலைவாழை செழித்திருந்தது. இலங்கையில் 1913இலும் கேரளத்தில் 1940இலும் காணப்பட்ட முடிக்கொத்து நோய் இம்மலைகளையும் பிற்காலத்தில் பற்றித் தோட்டந்தோட்டமாய் அழித்தது. அசுவினிப்பூச்சி அதனைப் பரப்புமெனினும், தொலைதூரம் கொண்டுசென்றது மனிதர் தோளிற் சுமந்த பக்கக்கன்றே. இரவலாய் வரும் கன்றை வேரும் குருத்தும் பாராமல் வாங்கலாகாது.

இனித் தோப்புடைய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயலைக் கூறிடுவதுபோல் மரத்தைக் கூறிடுதல் அரிது. ஆதலின் தோப்பைப் பொதுவில் வைத்து மகசூலைமட்டும் ஆண்டுதோறும் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கத்தைப் பத்திரத்தில் எழுதிக்கொள்வது நலம். புறம்போக்கிற் பாட்டனார் வைத்த மரமாயின் 2சி பட்டா உள்ளதா என்று கிராமக் கணக்கிற் பார்த்துக்கொள்க; நிலம் சர்க்காருடையதாயினும் அதன் பலனை அநுபவிக்க அப்பட்டா இடந்தரும்.

மாங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்குந் திறனை இழந்துவிடும். ஆகவே ஆனி மாதத்திற் பழம் தின்ற கையோடு கொட்டையைக் கழுவி நிழலில் வைத்து, உடனே ஊன்றிவிட வேண்டும். புளியங்கொட்டைக்கு அவ்வவசரமில்லை, அடுக்களையிற் புளி அரிந்து எடுத்த கொட்டையை ஒரு கலயத்தில் ஐப்பசி வரை வைத்திருக்கலாம்.