கொங்கு நாட்டில் நிகழ்கலை அரங்கு: கட்டமைப்பும் ஒலியும்

1. ஆய்வுப் பொருள்

பஞ்சாலைகளும் பட்டறைகளும் வளர்த்த கோவைக்குப் பெருங்கூடம் எழுப்புவது புதிதல்ல. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த கொடிசியா வளாகத்தில் தூணில்லாக் கண்காட்சிக் கூடங்கள் உள்ளன. ஆனால் கண்காட்சிக் கூடத்தின் இலக்கணம் வேறு, நிகழ்கலை அரங்கின் இலக்கணம் வேறு. அரங்கு கட்டும்போது கூடத்தின் அகலத்தை முதலில் முடிவு செய்வது நம் வழக்கம். அங்கே நிகழப்போகும் கலையே கூரையின் எடையையும் தளத்தின் விறைப்பையும் முடிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. தூண்

17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் பணியான பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபம், கல் கட்டுமானத்தின் உச்சம். கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். பாரம் ஏறிய உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடுவதால், கல் உத்தரத்தைச் சில மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது. அதனால்தான் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. நடமாடி வழிபடுவோருக்கு அது குறையல்ல. ஆயிரம் பேர் அமர்ந்து ஆடுபவரின் பாதத்தைப் பார்க்க வேண்டுமானால் தூண் மறைக்கும். இழுவிசை தாங்கும் எஃகும், கம்பி கட்டிய கான்கிரீட்டும் வந்த பின்னரே இத்தடை நீங்கியது. 1976-இல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டத்தின் தூணில்லா அரங்கு இதற்குச் சான்று.

3. கூரை

24 மீட்டர் அகலமுள்ள அரங்கை எடுத்துக்கொள்வோம். ஷீட் கூரை மலிவு. எஃகு டிரஸ் அதை எளிதாகச் சுமக்கும். ஆனால் தென்மேற்குப் பருவமழை ஷீட்டில் விழும்போது வீணையின் மெல்லிய கமகம் காதில் விழாது. சத்தத்தைத் தடுப்பது எடை. 100 மி.மீ. கான்கிரீட் தளம் இட்டால் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் கூடும். டிரஸ்கள் 6 மீட்டருக்கு ஒன்றாக நின்றால், ஒவ்வொன்றும் மீட்டருக்கு 15 கிலோநியூட்டன் ஏற்கும். வளைதிருப்பம் 1,080 கிலோநியூட்டன்-மீட்டர். டிரஸ்ஸின் உயரம் 2 மீட்டர் என்றால், அதன் கீழ்ப்பட்டையில் 540 கிலோநியூட்டன், அதாவது சுமார் 55 டன் இழுவிசை. இது கான்கிரீட்டுக்கு மட்டும். டிரஸ்ஸின் சொந்த எடை, உள்கூரை, விளக்குச் சட்டங்கள், நடைபாலம் ஆகியவை தனி. ஷீட் கூரைக்கு வடிவமைத்த டிரஸ் மீது பின்னாளில் இதை ஏற்ற இயலாது.

4. எதிர்முழக்கம்

1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்ட விதி எளியது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம், அதாவது எதிர்முழக்க நேரம், நொடியில் கிடைக்கும். நம் அரங்கின் நீளம் 36 மீட்டர், உயரம் 9 மீட்டர் என்றால் கன அளவு 7,776 கன மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸும் மட்டுமுள்ள காலிக் கூடத்தின் உறிஞ்சல் சுமார் 84 அலகு (ஓர் அலகு என்பது ஒலியை முழுதும் உறிஞ்சும் ஒரு சதுர மீட்டர் பரப்பு). ஒலி அடங்க ஏறத்தாழ 15 நொடி. ஆளுக்கு அரை அலகு வீதம் ஆயிரம் பேர் அமர்ந்தாலும் 2.1 நொடி. மேலைச் சிம்பொனிக்கு அது ஏற்றது. மிருதங்கச் சொற்கட்டும் நாடக வசனமும் அதில் குழம்பும். 1.4 நொடிக்குக் குறைக்க இன்னும் 310 அலகு தேவை. நல்ல உறிஞ்சு பலகைகள் ஏறத்தாழ 440 சதுர மீட்டர் வேண்டும். பின்சுவரும் பக்கச் சுவர்களின் மேற்பகுதியும் அவற்றுக்கு உரிய இடங்கள். இதைக் கணக்கிடாமல் ஒலிபெருக்கியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

5. மேடைத் தளம்

வள்ளிக் கும்மியும் பெருஞ்சலங்கை ஆட்டமும் கொங்கின் தனிச் சொத்து. பலர் ஒரே தாளத்தில் அடி வைப்பது அவற்றின் அழகு. பொறியாளருக்கு அதுவே சவால். விநாடிக்கு இரண்டு அடி வைத்தால், தளத்துக்கு 2 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 4, 6 ஹெர்ட்ஸிலும் உந்துதல் கிடைக்கும். மேடைக்கடியில் ஒப்பனை அறைக்காக 12 மீட்டரைத் தூணின்றி விட்டு, தளத்தின் எடையால் 24 மி.மீ. தொய்வு ஏற்பட்டால், அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 3.7 ஹெர்ட்ஸ். உந்துதலும் அதிர்வும் கிட்டத்தட்ட ஒன்றிவிடும், தளம் துள்ளும். வலிமைக் கணக்கில் தேறிய தளம் இங்கே தோற்கலாம். அதிர்வெண்ணை 8 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தத் தொய்வை 5 மி.மீ. அளவில் நிறுத்த வேண்டும். தூண்களை நெருக்குவதே சிக்கனமான வழி. பார்வையாளர் கண்ணில் படாத மேடைக்கடியில் தூண் யாருக்கும் இடையூறல்ல.

6. நிலமும் சுவரும்

1900 பிப்ரவரியில் கோவை வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. இந்திய நிலநடுக்கத் தரநூலான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு கோவையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. கூரையின் எடை கூடினால் நடுக்கத்தின் பக்கவிசையும் கூடும். ஒலிக்காகச் சேர்த்த எடைக்கு இது விலை. அடித்தளத்திலிருந்து எழும் கான்கிரீட் பக்கச் சுவர்கள் அவ்விசையைத் தரைக்குக் கடத்தும். அவிநாசி சாலை போன்ற சாலைகளின் வாகன இரைச்சலையும் வெளியே நிறுத்தும். ஒரே சுவர் இரு பணியையும் செய்வதால் செலவும் நியாயமாகிறது.

7. முடிவு

முதலில் கலை, அடுத்து கன அளவும் எடையும், அதன்பின் டிரஸ் என்பதே சரியான வரிசை. ஒலிப் பொறியாளரைத் திறப்பு விழாவுக்கு முந்தைய மாதம் அழைப்பது வீண். வரைபடம் விரியும் முதல் நாளிலேயே அழைக்க வேண்டும். எதிர்முழக்க நேரத்தையும் மேடையின் அதிர்வெண்ணையும் அளந்து காட்டிய பிறகே கட்டடத்தை ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இயந்திரத்தை அளந்து பார்த்து வாங்கும் கொங்கு நாட்டார், தம் கலைக்கான அரங்கையும் அவ்வாறே கேட்டு வாங்க வேண்டும்.