ஞாயிறு லீவு இல்லாதவர்களின் பங்கு: குன்றத்தூர் முதல் ஒரகடம் வரை

இந்த எபிசோடில் நாம பேசப்போற ஊர் குன்றத்தூர். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த ஊர். மலைமேல முருகன் கோயில். மேற்கே போனா ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். சைவத்துக்கும் வைணவத்துக்கும் இவ்வளவு பெரிய பெயர்கள் உள்ள இந்த வட்டாரத்துல, கத்தோலிக்கர்களோட வரலாற்றை எதுக்கு எடுக்கணும்னு நீங்க கேட்கலாம்.

காரணம் இதுதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, சாம்சங், ஃபாக்ஸ்கான், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவங்கள்ல தூத்துக்குடி, கன்னியாகுமரி, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. கேரளாக்காரங்க உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள் உண்டு. அவங்கள்ல கத்தோலிக்கர் கணிசம். கோயில் மணி கேட்டு வளர்ந்தவங்க. இங்கே வந்து வாடகை ரூமிலோ ஹாஸ்டலிலோ தங்குறாங்க. அவங்களுக்கு ஜெபிக்க இடம், விசுவாசத்தைப் பற்றிப் படிக்க வாய்ப்பு, கூடப் பேச நாலு பேர் கிடைக்கிறாங்களா?

இடம் இருக்கா இல்லையா என்பது சின்னப் பிரச்சினைதான். பெரிய பிரச்சினை நேரம். ஒரே நேரத்தில் லீவு கிடைக்கிற நாலு பேர் இருந்தாத்தான் சமூகம் உருவாகும். அதனால இந்தக் கதையை நான் நேரத்தின் கதையாகத்தான் சொல்லப்போறேன்.

வேலைக்கு வந்தவங்க விட்டுட்டுப் போன பெயர்

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வழியா வந்தா பரங்கிமலை. புனித தோமையார் இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது மரபு. மலை உச்சியிலுள்ள மாதா கோயிலைப் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டினார்கள். 1547-ல் அங்கே பழைய கல் சிலுவை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1606-ல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆனது. இதெல்லாம் பலருக்கும் தெரிஞ்ச கதை.

தெரியாத கதை மலையடிவாரத்துல இருக்கு. அங்கே ஒரு கோயிலுக்குப் புனித பேட்ரிக் பெயர். பேட்ரிக் அயர்லாந்தின் பாதுகாவலர். பரங்கிமலைக்கு அவர் எப்படி வந்தார்? பிரிட்டிஷ் பட்டாளத்தைப் பாருங்க, பதில் கிடைக்கும். பரங்கிமலை பீரங்கிப்படைக்குத் தலைமையிடம். குன்றத்தூருக்கு வடக்கே இருக்கிற பூந்தமல்லியில் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கான டிப்போ இருந்தது. அந்தச் சிப்பாய்களில் ஏராளமானோர் அயர்லாந்துக் கத்தோலிக்கர். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னை மிஷனின் ஆயர்களும் அயர்லாந்துக்காரர்களாகவே இருந்தார்கள். ஜான் ஃபென்னெல்லி 1841 முதல் 1868 வரை. அவருக்குப் பின் ஸ்டீபன் ஃபென்னெல்லி.

கவனிச்சுப் பாருங்க. அந்தச் சிப்பாய்கள் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த இளைஞர்கள். பலர் கல்யாணம் ஆகாதவர்கள். உத்தரவு வந்தா மறுநாளே வேற ஊர். இன்னைக்கு ஒரகடத்தில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிற பையனுக்கும் நிலைமை பெரிசா மாறலை. ஆனால் சிப்பாய்க்கு ஒரு வசதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அணிவகுத்துப் போவது பட்டாளத்து நடைமுறையிலேயே உண்டு. அவனுடைய நேரமும் பூசை நேரமும் ஒன்றாக இருந்தன.

உபதேசியார் இருந்த காலம்

கிராமங்களில் நிலைமை வேற. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு சாமியார் பல ஊர்களைப் பார்க்கணும். ஒரு கிராமத்துக்கு அவர் வந்து பூசை வைத்து, அடுத்த பூசைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதுகூடப் புதிதல்ல. அந்த இடைவெளியில் கூட்டத்தைக் கட்டிக்காத்தவர் உபதேசியார். குருப்பட்டம் இல்லாதவர், ஊர்ச்சனங்களில் ஒருவர். சாயங்காலம் வயல் வேலை முடிந்ததும் மணி அடிப்பார். மந்திரங்களை அவர் சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத சனம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணும். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் அவர்தான் சொல்லிக் கொடுப்பார். சாவு விழுந்தா முதல்ல வந்து நிற்பவரும் அவர்தான்.

ஜெபமாலையும் இப்படித்தான் பரவியது. மடங்களில் துறவிகள் 150 சங்கீதங்களை ஓதினார்கள். புத்தகம் இல்லாத, படிக்கத் தெரியாத பாமரர் அதற்குப் பதிலாக 150 அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். மடத்துக்குள் வர நேரமில்லாத உழைப்பாளியின் ஜெபம் அது.

குரு உருவாக்கத்தையும் இங்கே சொல்லணும். பேராயர் லூயிஸ் மத்தியாஸ் 1936-ல் பூந்தமல்லியில் திருஇருதய குருமடத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பங்குகளில் வேலை செய்த எத்தனையோ குருக்கள் அங்கே படித்தவர்கள். குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய உருவாக்க மையம் இருக்கு. ஆனால் அது குருக்களுக்கு. தொழிலாளிக்கு யார் உருவாக்கம் தர்றது? இந்தக் கேள்வியை அப்படியே வெச்சுக்கோங்க, திரும்பி வர்றேன்.

ஞாயிறு லீவு வந்த கதை

ஞாயிறு லீவு நமக்குத் தானா வந்ததில்லை. பம்பாய் மில்களில் வாரம் ஏழு நாளும் வேலை. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற தொழிலாளர் தலைவர் பல வருஷம் போராடி, 1890-ல் மில் முதலாளிகளை ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதிக்க வைத்தார். மறு வருஷமே, 1891-ல், தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. அதே 1891 மே மாதம் ரோமில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலி, சங்கம் சேரும் உரிமை, ஞாயிறு ஓய்வு எல்லாம் அதில் உண்டு. பம்பாய்க்கும் ரோமுக்கும் பேச்சுவார்த்தை எதுவும் நடக்கலை. ஆனால் ரெண்டு இடத்திலும் ஒரே வலி. 2025-ல் பாப்பரசரான பதினான்காம் லியோ, இந்த மடலை நினைத்துத்தான் அந்தப் பெயரை எடுத்ததாகச் சொன்னார்.

பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 52-வது பிரிவு வாரத்தின் முதல் நாளில், அதாவது ஞாயிற்றுக்கிழமையில், வேலை வாங்கக் கூடாது என்றது. கூடவே ஒரு வழியையும் திறந்து வைத்தது. ஞாயிறுக்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் வேறொரு நாள் லீவு கொடுத்தால் போதும். விடுமுறையே இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். 24 மணி நேரமும் ஓடுற ஆலைக்கு இது தேவையான ஏற்பாடு. தொழிலாளிக்கு ஓய்வும் கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான நாள் என்பது போய்விட்டது. ஒரே ரூமில் ஆறு பேர் இருந்தால் ஒருத்திக்குச் செவ்வாய் ஆஃப், இன்னொருத்திக்கு வியாழன். ஞாயிறு காலை திருப்பலி மணி அடிக்கும்போது ஒருத்தி பஸ்ஸில் இருப்பாள், இன்னொருத்தி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அப்பதான் படுத்திருப்பாள்.

பூசை நேரம் மாறிய கதை

"கோயில் நேரம் மாறாது, நாமதான் மாறிக்கணும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. வரலாறு அப்படிச் சொல்லலை.

1953-க்கு முன்னால் இருந்த விதியைப் பாருங்க. நற்கருணை வாங்கணும்னா நள்ளிரவிலிருந்து தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. பூசையும் காலையில்தான். இரவெல்லாம் உலைமுன் நின்றவன் ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா நற்கருணை கிடையாது. 1953 ஜனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் இதை மாற்றினார். தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்றார். மாலைப் பூசைக்கு அனுமதி தர ஆயர்களுக்கு அதிகாரம் கொடுத்தார். ஆலைகளிலும் போக்குவரத்திலும் இரவு பகலாக முறைவைத்து உழைப்பவர்களை அந்த ஆவணமே காரணமாகக் காட்டுகிறது. 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமானது. 1964-ல் ஒரு மணி நேரம். சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், 1248-வது பிரிவில், எல்லாருக்குமான விதியானது. கடுமையான காரணத்தால் வரவே முடியாதவர்கள் தனியாகவோ, குடும்பமாகவோ, குழுவாகவோ ஜெபத்தில் நேரம் செலவிடுமாறு அதே பிரிவு பரிந்துரைக்கிறது.

ஆக, 30 வருஷத்துக்குள்ள திருச்சபை தன் நேரத்தை இத்தனை முறை தளர்த்தியிருக்கு. தொழிலாளி வர முடியலைன்னா அவனைக் குறை சொல்லாமல் மணியை மாற்றி அடித்த வரலாறு இது.

குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர்கள்

இப்ப இடத்தைப் பற்றிப் பேசலாம். சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-ல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. முதல் ஆயர் நீதிநாதன். இந்த ஆலைப் பகுதி வேகமா வளர ஆரம்பிச்ச காலத்துலயே, பக்கத்தில் ஒரு புதிய மறைமாவட்டம். 2017-ல் சீரோ-மலபார் திருச்சபை ஓசூரைத் தலைமையாகக் கொண்டு தனி மறைமாவட்டம் அமைத்தது. சென்னையும் காஞ்சிபுரமும் அதன் எல்லைக்குள் வருகின்றன. கேரளத்திலிருந்து வந்தவர்களுக்குத் தங்கள் வழிபாட்டு முறையிலேயே, மலையாளத்திலேயே ஒரு வீடு கிடைத்தது. வந்தேறிய சனத்துக்காகத் திருச்சபை தன் வரைபடத்தையும் மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆனால் பங்கு அளவில் ஒரு சிக்கல். நம்ம ஊர்ப் பங்குகள் குடும்பத்தை வைத்துக் கணக்கெடுக்கும். குடும்ப அட்டை, குடும்பச் சந்தா. 20, 30 குடும்பங்கள் சேர்ந்து வீடுவீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியமும் குடும்பங்களின் கூட்டம்தான். பெரிய பங்குகளில் ஒருவரையொருவர் அறிய அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் இந்தப் பகுதியில் வந்து குவியறவங்க குடும்பங்கள் இல்லை, தனி ஆட்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரம் அது. அதில் குடும்ப அட்டை எத்தனை? ஒன்றுகூட இருக்காது.

இவங்க 'வெளியூர் ஆளுங்க'ன்னுதான் நாம நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கலை. ஓர் இடத்தில் மூன்று மாதம் தங்கினாலோ, தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, ஒரு கத்தோலிக்கர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர் ஆகிறார். 102-வது பிரிவு அது. நிரந்தர வீடே இல்லாத நாடோடிக்குக்கூட அவர் இருக்கும் இடத்துப் பங்குத்தந்தைதான் மேய்ப்பர். அப்படின்னா அந்த ஹாஸ்டல் பிள்ளை விருந்தாளி இல்லை. அவள் நம்ம பங்குக்காரி.

தையல்காரப் பெண்களும் ஓர் இளம் குருவும்

உருவாக்கம் யார் தர்றதுன்னு கேட்டேனே. 1912-ல் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாக்கன் பங்குக்கு ஜோசப் கார்டைன் என்ற இளம் குரு வந்தார். அவர் முதலில் சேர்த்த கூட்டங்களில் ஒன்று தையல் வேலை செய்த பெண்களின் கூட்டம். அவர்களுக்கு அவர் பிரசங்கம் வைக்கலை. உங்க பட்டறையில் என்ன நடக்குதுன்னு நீங்களே பாருங்க, சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் யோசியுங்க, பிறகு ஏதாவது செய்யுங்க என்றார். 1925-ல் அது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமானது. வொய்.சி.டபிள்யூ. என்றால் நம்ம பங்குகளிலும் பலருக்குத் தெரியும். 1961-ல் இருபத்துமூன்றாம் அருளப்பர் தன் சுற்றுமடலில் பார், சிந்தி, செயல்படு என்ற அந்த மூன்று படிகளைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

பழைய உபதேசியாரும் கார்டைனும் செய்தது ஒன்றுதான். சனத்தில் ஒருவரே சனத்துக்குப் போதிப்பது. ஷிஃப்ட் நேரம் தெரிஞ்சவளால்தான் ஷிஃப்ட்டுக்கு ஏற்ற ஜெபக் கூட்டம் வைக்க முடியும். செவ்வாய் ராத்திரி பத்தரை மணிக்கு, ஆஃப் இருக்கிற நாலு பேரோட.

ஏன் இது அவசரம்? 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கலைந்து போனார்கள். சம்பளம் போனதைச் செய்தித்தாள் எழுதியது. வேலையோடு சேர்ந்து போன சிநேகிதம், ரூம், ஞாயிறு கூட்டம் இதையெல்லாம் யாரும் எண்ணலை. அந்த மாதிரி நாளில் ஒருத்தர் பெயரைத் தெரிந்து வைத்து, "எங்கே போகப் போறம்மா?" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கணும். ஜெபம், உருவாக்கம், சமூகம் என்று மூன்றாகச் சொல்றோம். அந்த ஒரு கேள்வியில் மூன்றும் அடங்கியிருக்கு.

குன்றத்தூர் வட்டாரத்துக்குப் புதுசா வந்தவங்க இதைக் கேட்டுக்கிட்டிருந்தா ஒரே வார்த்தை. பக்கத்துப் பங்கில் சனி மாலைத் திருப்பலி உண்டான்னு கேளுங்க. மூணு மாசம் ஆயிடுச்சுன்னா உங்க பெயரை எழுதிக்கச் சொல்லுங்க. அது சலுகை இல்லை, உங்க உரிமை. ஏற்கெனவே பங்கில் இருக்கிறவங்க, உங்க அன்பியத்தின் எல்லைக்குள்ள ஹாஸ்டல் எத்தனைன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.