பென்னலாங்: ஒரு சிட்னிப் புறநகர்த் தொகுதியின் எல்லையும் வாக்கும்

சிட்னி மாநகரின் வடமேற்கே, பரமட்டா ஆற்றின் வடகரையை ஒட்டி அமைந்த பென்னலாங், ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் புறநகர்த் தொகுதியாகும். 1813இல் மறைந்து, இத்தொகுதிக்கு உட்பட்ட கிஸ்ஸிங் பாயின்ட் பகுதியில் அடக்கம் செய்யப்பட்ட வங்கல் குலத்துப் பூர்வகுடி மனிதர் பென்னலாங்கின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1949இல் உருவானது முதல் 58 ஆண்டுகள் லிபரல் கட்சியின் கையிலேயே இருந்த இத்தொகுதி, 2007இல் பதவியிலிருந்த பிரதமர் ஜான் ஹோவர்டையே தோற்கடித்தது. 1929இல் ஸ்டான்லி புரூஸ் தோற்றபின் அவ்வாறு தம் தொகுதியை இழந்த பிரதமர் வேறொருவர் இல்லை. ஆசியர் குடியேற்றமே இம்மாற்றத்தின் காரணம் என்னும் விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அது குடியேறியோரின் வாக்கை ஒரே திசையில் பாயும் ஒன்றாகக் கருதுவதோடு, பழைய குடிகளின் மனமாற்றத்தையும் மறைத்துவிடுகிறது.

முதலில் எல்லையைக் கருத வேண்டும். மக்கள்தொகை மாற்றத்திற்கேற்பத் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையைச் சமப்படுத்தும் பணி மறுவரையறை எனப்படும். ஜான் கிராமர் 1949 முதல் 1974 வரை உறுப்பினராக இருந்த காலத்துப் பென்னலாங், லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் முதலிய வசதி மிக்க பகுதிகளையும் ரைட் பகுதியையும் ஒருங்கே கொண்டிருந்தது. 1974இல் ஹோவர்ட் அவரிடத்திற்கு வந்தபின், அடுத்தடுத்த மறுவரையறைகள் தொகுதியை மேற்கே நகர்த்தின. பெயர் மாறவில்லை, வாக்களித்த மக்கள் மாறிக்கொண்டே இருந்தனர். ஆகவே 58 ஆண்டு வெற்றியை ஒரே ஊரின் கட்சிப் பற்றாகப் படிப்பது பிழையாகும்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் விருப்ப வரிசை வாக்குமுறை. வாக்காளர் எல்லா வேட்பாளர்களுக்கும் வரிசை எண் இட வேண்டும்; எவருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்ப வாக்குகள் கிட்டாவிடில், மிகக் குறைந்த வாக்குகள் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பப்படி பிரித்து வழங்கப்படும். 2004இல் பசுமைக் கட்சியின் சார்பில் ஆண்ட்ரூ வில்கி போட்டியிட்டு ஏறத்தாழ 16 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது, அதிருப்தி திரண்டுவருவதை முன்கூட்டியே காட்டியது. 2007இல் முதல் விருப்பங்களில் ஹோவர்ட் மயிரிழையில் முன்னே இருந்தும், பசுமைக் கட்சியின் இரண்டாம் விருப்பங்கள் தொழிற்கட்சியின் மாக்சின் மெக்யூவுக்குச் சென்றதால், அவர் சுமார் 51.4 விழுக்காட்டுடன் வென்றார். மக்கள்தொகை மாற்றம் களத்தை நெருக்கமாக்கியது என்பதை ஏற்கலாம்; முடிவை ஈட்டித் தந்தது இந்த வாக்குமுறையே.

மூன்றாவதாக எஞ்சுவது குடியேறியோரின் வாக்கு. இங்குதான் வழக்கமான விளக்கம் மிகவும் தடுமாறுகிறது. ஈஸ்ட்வுட் ரயில் நிலையத்தின் ஒருபுறம் சீனக் கடைகளும் மறுபுறம் கொரியக் கடைகளும் திகழும் தொகுதி இது. 1988இல் ஆசியக் குடியேற்றத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஹோவர்ட் பேசியது இம்மக்களிடையே நீண்ட காலம் நினைவில் இருந்திருக்கக்கூடும். ஆனால் இவர்கள் நிலையான தொழிற்கட்சி ஆதரவாளர்களாக இருந்திருந்தால், 2010இல் லிபரல் கட்சியின் ஜான் அலெக்சாண்டர் வென்றதற்கோ, இரட்டைக் குடியுரிமைச் சிக்கலால் பதவி விலகிய அவரே டிசம்பர் 2017 இடைத்தேர்தலில் கிறிஸ்டினா கெனிலியை வென்று திரும்பியதற்கோ விளக்கம் கிடைக்காது. சொந்தத் தொழிலும் பிள்ளைகளின் கல்வியும் முதன்மையாகக் கொண்ட நடுத்தர வர்க்கத்தினர் பலர் லிபரல் கட்சியை இயல்பான தேர்வாகவே கண்டிருந்தனர். 2022இல் சீன வம்சாவளியினர் மிகுதியாக வாழும் பென்னலாங், சிஷோம், ரீட், டாங்னி ஆகிய நான்கு தொகுதிகளையும் அக்கட்சி ஒருங்கே இழந்தது. சீன அரசைப் பற்றிய அக்கட்சியின் காட்டமான பேச்சு தங்களையே சந்தேகிப்பதாக வாக்காளர்கள் உணர்ந்ததை அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளத் தகும். அவர்கள் அளித்த வாக்கு கட்சிகள் தங்களை நடத்திய விதத்திற்கான பதில். அதை இனத்தின் இயல்பாகக் கணிப்பது அவர்களுடைய அரசியல் தீர்ப்பை அவமதிப்பதாகும்.

2024 மறுவரையறை இவ்வாதத்தை ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. நார்த் சிட்னி தொகுதி நீக்கப்பட்டதால், லேன் கோவும் ஹண்டர்ஸ் ஹில்லும் பென்னலாங்கில் மீண்டும் சேர்ந்தன. முந்தைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் கணக்கிட்டபோது தொகுதி மயிரிழையில் லிபரல் பக்கம் சாய்ந்திருந்தது. எனினும் 2022இல் குறைந்த வித்தியாசத்தில் வென்ற தொழிற்கட்சியின் ஜெரோம் லக்சேல், 2025இல் பெரிய வித்தியாசத்தில் அதைத் தக்கவைத்துக்கொண்டார். அந்த வசதி மிக்க பகுதிகள் முன்பே 2022இல் நார்த் சிட்னியின் அங்கமாக இருந்தபோது, சுயேச்சை வேட்பாளர் கைலியா டிங்க் லிபரல் உறுப்பினரைத் தோற்கடித்த தொகுதியில் வாக்களித்தவை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அங்கே கட்சியைக் கைவிட்டவர்களுள் பெரும்பாலோர் புதிதாய்க் குடியேறியவர்கள் அல்லர்.