வடக்கு நோக்கி ஓடும் ஆறு

வெள்ளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மழை. கனடா நாட்டின் நடுவே, மானிட்டோபா மாகாணத்தில் வாழும் மக்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது பனி. அங்கே வானம் தெளிந்து வெயில் காயும் நாளிலும் ஆறு கரை புரண்டு ஓடுவதுண்டு. அதன் காரணங்களை அம்மக்கள் எவ்வாறு அறிந்தனர், அறிந்தும் எவ்வாறு மறந்தனர் என்பது மாணவர்கள் கேட்கத்தக்க வரலாறாகும்.

ரெட் என்னும் ஆற்றைச் செவ்வாறு என்று நாம் அழைக்கலாம். அது அமெரிக்க ஐக்கிய நாட்டில் தோன்றி, வடக்கு நோக்கி ஓடி, கனடாவுக்குள் புகுந்து, வின்னிபெக் நகரைக் கடந்து, அதே பெயர் கொண்ட ஏரியில் கலக்கின்றது. வடக்கு நோக்கி ஓடுவதே வெள்ளத்திற்கு முதற் காரணம். இளவேனில் தெற்கே முந்தி வரும். அங்கே பனி உருகி நீர் புறப்படும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வரும் நீர் பனிக்கட்டிகளை உடைத்துத் தள்ளும். அவை வளைவுகளிற் சிக்கி அணைபோல் நிற்கும். பின்வரும் நீர் போக வழியின்றி உயரும்.

இரண்டாவது காரணம் நிலம். பனியூழியின் முடிவில் இங்கே அகாசி என்னும் பேரேரி ஒன்று பரந்து கிடந்தது. அது வற்றிய படுகையே இன்றைய சமவெளி. களிமண் நிறைந்த தட்டையான தரை அது. ஆறு கரை கடந்தால் நீர் பல கிலோமீட்டர் அகலம் பரவும், எளிதில் வடியாது.

மூன்றாவது காரணம் பருவம். இலையுதிர் காலத்து மழையில் ஊறிய மண் அப்படியே உறைந்துவிட்டால், உருகும் பனிநீரை உள்வாங்காது. அதன் மேல் மாரிக்காலப் பனி மிகுந்து, வேனில் தாமதமாய் வந்து, பனி விரைந்து உருகி, மழையும் உடன் பெய்தால் துன்பம் முற்றும். இவற்றுள் ஒன்று தனித்து வந்தால் தீங்கு சிறிது. எல்லாம் ஓராண்டிற் கூடினால் பெருவெள்ளம்.

1812ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலிருந்து வந்தோர் இவ்வாற்றங்கரையிற் குடியேறினர். 1826ஆம் ஆண்டு வந்த வெள்ளம் அவர்கள் வீடுகளை வாரிச் சென்றது. 1852ஆம் ஆண்டும் பெருவெள்ளம் வந்தது. பின்னர், பசிபிக் இருப்புப்பாதைக்கு வழி ஆராய்ந்த பொறியாளர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங், பழைய வெள்ளங்களின் வரலாற்றைக் கருதி, பாதை வடக்கே செல்கர்க் என்னும் இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று கூறினார். வின்னிபெக் நகரத்தார் பாதையைத் தம் ஊருக்கே பெற முயன்று வென்றனர். 1881ஆம் ஆண்டு பாதை அங்கே வந்தது. நகரம் வெள்ளச் சமவெளியிலேயே வளர்ந்தது. ஒரு தலைமுறை நீரைக் காணாதிருந்தால், அடுத்த தலைமுறை அது வாராதென்றே துணிந்துவிடுகிறது.

1950ஆம் ஆண்டு அத்துணிவு தகர்ந்தது. ஏறத்தாழ 1,00,000 மக்கள் நகரை விட்டு வெளியேறினர். ஆயிரக்கணக்கான வீடுகள் நீரில் மூழ்கின.

அதன்பின் 1958ஆம் ஆண்டு மாகாண முதல்வரான டஃப் ராப்ளின், நகரைச் சுற்றிப் பெருங்கால்வாய் ஒன்று வெட்ட முனைந்தார். பொருளை வீணாக்குவதாகப் பலர் பழித்தனர். 'டஃபின் குழி' என்று எள்ளினர். 1962இல் தொடங்கிய பணி 1968இல் முடிந்தது. 47 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய், நகருக்குத் தெற்கே மிகுநீரைப் பிரித்து, வடக்கே மீண்டும் ஆற்றிற் சேர்க்கின்றது.

1997ஆம் ஆண்டு, 1950இனும் பெரிய வெள்ளம் வந்தது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அமெரிக்க நகரான கிராண்ட் ஃபோர்க்ஸ் நீரில் ஆழ்ந்தது. வின்னிபெக் பெரும்பாலும் தப்பியது. ஆயினும் கால்வாய்க்குத் தெற்கே வாழ்ந்த சிற்றூர் மக்கள் பலர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓர் ஊரைக் காத்த வேலி எல்லாரையும் காத்துவிடவில்லை. கால்வாய் பின்னர் மேலும் விரிவாக்கப்பெற்றது.

ஆறு வடக்கே ஓடுவதையும் நிலம் தட்டையாய்க் கிடப்பதையும் மனிதன் மாற்ற இயலாது. அவன் செய்யக்கூடியது, வெள்ளத்தை வறண்ட ஆண்டுகளிலும் மறவாதிருத்தல். எள்ளப்பட்ட அந்தக் குழி அவ்வாறு மறவாதிருந்ததன் பயனே ஆகும்.